மற்றவை

பகலெல்லாம் ரேஷன் கடையில்
பருப்பும் சீனியும் நிறுத்துவிட்டு
ஐந்தே காலுக்கு
நாகமலையின் தென்சரிவுக்கு வந்துவிடுவேன்.
கையில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு கருவி.
அமுக்கினால் ஒன்று கூடும்.
குறைக்க அதில் வழியில்லை.

கூட எண்ணுகிறவர் ஒச்சப்பன்.
இருபத்திரண்டு வருடம் குவாரியில் குழி போட்டவர்.
இடது காது போயே போய்விட்டது
வலது, பாதி.
வௌவாலில் பட்டம் வாங்கப் படிக்கும் ஜெபக்கனி
தயங்கித் தயங்கித்தான் சொன்னாள், கத்தி:
இது சத்தம் சம்பந்தப்பட்ட வேலைண்ணே.
அவர் கேட்டார்:
அதுக போடுற சத்தம் ஒங்களுக்குக் கேக்குமா?
கேக்காது.
அப்புறமென்ன, வேலையில சேத்துக்க.

கற்படுக்கைக்கு மேலே, விரல் நுழையாத வெடிப்பில்
கல்லறை வௌவால்கள்.
எவனோ முதலில் கல்லறையில் பார்த்தானாம்,
அதனால் அந்தப் பெயர்.
இருக்குற எடத்த வச்சுப் பேரு விட்டா
எனக்கு என்ன பேரு வரும், என்றார் ஒச்சப்பன்.
நாங்கள் பதில் சொல்லவில்லை.

குகைக்குள்ளே, ஈரம் இருக்கும் ஆழத்தில், இலைமூக்கு வௌவால்.
வெற்றிலையை மடித்து மூக்கில் ஒட்டின முகம்.
கீழே பனைகளில் குறுமூக்குப் பழந்தின்னி:
ஆண்தான் வீடு கட்டும்.
காய்த்த குலைக்கு நடுவே கடித்துக் கடித்துக் குடைந்து
ஒரு குடில் வைத்துக்கொண்டு
பெண்கள் வருமா என்று தொங்கும்.
எந்தக் கூட்டுறவு வங்கியிலும்
கையெழுத்துப் போடாத வீடு.

ஆறு இருபத்தெட்டுக்கு ஒன்று வந்தது.
உடைமரத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது.
பிறகு
மூட்டையின் தையல் பிரிந்து
அரிசி கொட்டுகிற மாதிரி,
ஆனால் மேல்நோக்கி.
கட்டைவிரல் மரத்துப்போகிறது.
கிளுவைக்கும் கருவேலத்துக்கும் மேலே
ஒன்றையொன்று தொடாமல்
எப்படித்தான் போகின்றனவோ.
மாதக் கடைசியில் எங்கள் கடை வரிசையை
அவற்றுக்குக் காட்டக்கூடாது.

ஜெபக்கனியின் பெட்டி
அவை போடும் சத்தத்தை நம் காதுக்கு இறக்கித் தரும்.
காய்ந்த எண்ணெயில் கடுகு.
திடீரென்று வேகமாகும், நெருங்கும், நிற்கும்.
ஒரு அந்துப்பூச்சி முடிந்தது என்று அர்த்தம்.
ஒச்சப்பன் பெட்டிமேல் உள்ளங்கையை வைத்தார்.
வெகுநேரம் எடுக்கவில்லை.
கம்ப்ரசர் ஓடுற மாதிரி இருக்கு, என்றார்.
ரொம்பத் தூரத்துல.

மூன்றாவது வாரம், எண்ணி முடித்து இறங்குகையில்
எங்களைக் கிழக்கே கூட்டிப்போனார்.
அறுத்த கேக் மாதிரி நிற்கிற பழைய பாறைமுகம்.
அதில் வரிசையாக அரைக்குழிகள், வெடித்து மீந்தவை.
ஓரத்தில் ஒன்று மட்டும் முழுசு.
நான் போட்டதுதான்.
மருந்து வைக்குறதுக்குள்ள தடை உத்தரவு வந்துருச்சு.
அன்னைக்குக் கூலி பாதிதான் குடுத்தான்.

சிவப்புக் காகிதம் சுற்றிய டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தாள் ஜெபக்கனி.
ஒரு முழ ஆழத்தில், மூன்று துரிஞ்சில்.
தீப்பெட்டிக்குள் மூன்றும் அடங்கும்.
வௌவால் வீட்டுக்கு வௌவால் வந்தால்
நீயும் தொங்கு நானும் தொங்கு என்பார்கள்.
இங்கே தொங்கக்கூட உயரமில்லை,
ஒட்டிக்கொண்டிருந்தன.
ஒன்று மட்டும் காதை அசைத்தது.

படிவத்தில் வாழிடம் என்று நான்கு கட்டம்:
குகை. மரம். கட்டடம். மற்றவை.
ஜெபக்கனி பேனாவைக் கடைசிக் கட்டத்தில் வைத்தாள்.
யாரு போட்ட குழின்னு எழுதலையா?
அதுக்குக் கட்டம் இல்லண்ணே.
சரிதான், என்றார்.
சரி என்று சொன்ன குரல் இல்லை அது.

அன்றைய கணக்கு:
எனக்கு ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு.
அவருக்கு ஆயிரத்து முந்நூற்றுத் தொண்ணூற்றேழு.
யாருடையது சரி என்று நான் கேட்க
ரெண்டையும் எழுதிக்கலாம், என்றாள் அவள்.
ஒச்சப்பன் தன் கருவியை எடுத்து
மூன்று தரம் அமுக்கினார்.
ஆயிரத்து நானூறு.
இப்ப எழுது.

நான் குழியைத் திரும்பிப் பார்த்தேன்.
அந்த மூன்றில் ஒன்றுகூட
இன்னும் வெளியே வந்திருக்கவில்லை.