அன்றைய விலை

பட்டியலில் மீனுக்கு நேரே எண் இருக்காது.
'அன்றைய விலை' என்றிருக்கும்.
என்ன விலை என்று கேட்பவர்
இந்தப் படியேறி வருவதில்லை
என்பார் எங்கள் முதலாளி.
திரு. மோக் கேட்டார்.

ஹாங்காங், ஷியுங் வான், மூன்றாம் மாடி, ஏழாம் அறை.
ஈட்டி மர நாற்காலிகள் பன்னிரண்டு,
ஆட்கள் இரண்டு.
எதிரெதிரே உட்கார்ந்துவிட்டால்
சோயா கிண்ணத்தை நீட்டக்கூடக் கை எட்டாது.
நடுவில் இருக்கும் சுழல்தட்டுதான்
எல்லாவற்றையும் கொண்டுபோய்க் கொடுக்கும்.
அன்று அதை இருவரும் தொடவில்லை.
நான்தான் சுற்றினேன்.

வந்ததும் மேல்கோட்டுகளை வாங்கி மாட்டினேன்.
இரண்டின் நெஞ்சிலும் ஒரே தையல்:
மோக் சிட் லிப்ட் பழுதுபார்ப்பு.
பிற்பகலில், வக்கீல் அறையில்,
அந்தப் பெயரை நடுவில் வெட்டியிருக்கிறார்கள்.
எப்படித் தெரியும் என்றால்,
பரிமாறுகிறவளைச் சுவரென்று நினைத்துத்தான்
இங்கே எல்லோரும் பேசுவார்கள்.

வலையில் துள்ளத் துள்ளக்
களவா மீனைக் காட்டினேன்.
சிவப்பு முதுகு, நீலப் பொட்டுகள்.
சிட் தலையசைத்தார்.
"எவ்வளவு?" என்றார் மோக்.
சொன்னேன்.
"பத்தொன்பது வருடத்தில் இப்போதுதான் கேட்கிறாய்"
என்றார் சிட்,
மீனிடம்.

வெண்பூசணிக்குள்ளேயே ஆவியில் வெந்த சூப்.
பிறகு பம்ப்ளிமாஸ் தோல்,
நாலு நாள் ஊறவைத்துப் பிழிந்தது,
மேலே இறால் முட்டை, பொடிப்பொடியாக.
கசப்பு இன்னும் கொஞ்சம் இருக்கிறது என்றார் ஒருவர்.
இருக்கத்தான் வேண்டும் என்றார் மற்றவர்.
அவ்வளவுதான் பேச்சு.

எட்டு நிமிடம். அதற்கு மேல் ஒரு மூச்சு கூடினாலும்
சமையல்காரர் லாவ் வேறு மீன் கேட்பார்.
தட்டை வைக்கும்போது
மீனின் தலை மேசையின் பெரியவரைப் பார்க்க வேண்டும்.
யார் பெரியவர்?
கதவைப் பார்க்க வைத்தேன்.

மேல்பக்கம் தீர்ந்தால் மீனைப் புரட்டுவதில்லை;
புரட்டினால் எங்கோ ஒரு படகு கவிழும்.
முள்ளைத் தூக்கினேன், முழுசாக,
தலையடியிலிருந்து வால்வரை, ஏணிபோல.
கன்னச் சதையை
(கட்டைவிரல் நகத்தளவுதான்)
மோக் தன் கரண்டியில் எடுத்தார்,
ஒரு சின்னத் தட்டில் வைத்தார்,
சுழல்தட்டை அவரே தள்ளினார்.
மெதுவாக, அரைவட்டம்.

சிட் இரண்டு விரலால் மேசையைத் தட்டினார்.
தேநீர் ஊற்றியவருக்குத்தான் அப்படித் தட்டுவது.
மீனுக்குத் தட்டி நான் பார்த்ததில்லை.
வேறு நன்றி அவரிடம்
கைவசம் இல்லை போல.

இதற்கிடையில் இன்னொன்று.
சூப்புக்கு முன்பே, கழிவறைக்குப் போகிறவர்போல வந்து
சிட் தன் கடன் அட்டையை என்னிடம் திணித்திருந்தார்.
மீனுக்குப் பிறகு, போனில் பேசுகிறவர்போல வந்து,
மோக் தன்னுடையதை.
"அவன் கேட்டால் பில்லைக் காட்டாதே."

பாதி பாதி போடட்டுமா என்றாள் காசாளர்ப் பெண்.
அதைத்தான் வக்கீல் செய்துவிட்டாரே என்றேன்.
முந்தினவர் முந்தினவர்தான்.
சிட்டின் அட்டையைத் தேய்த்தேன்.
மற்றதை ஆரஞ்சுத் துண்டுகளோடு
தட்டோரத்தில் வைத்து எடுத்துப் போனேன்.

மோக் அட்டையைப் பார்த்தார்.
என்னைப் பார்த்தார்.
பிறகு எதிரே.
"திருட்டுப் பயலே" என்றார்.
அந்த அறையின் முதல் சிரிப்பு, அதுவும் மூக்கு வழியாக.
"அடுத்த முறை நான்தான்."

சொன்ன பிறகுதான்
இருவர் காதிலும் விழுந்தது.

வாசல் விளக்கை அணைத்தாயிற்று.
பையன் கூடத்தில் நாற்காலிகளைக் கவிழ்க்கிறான்.
கோட்டுகளைக் கையில் போட்டுக்கொண்டு உள்ளே போனால்
தேநீர்க் கெண்டியின் மூடி
திறந்து, விளிம்பில் சாய்ந்து கிடந்தது.
எங்கள் ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்:
இன்னும் ஊற்று.

யார் சாய்த்தது என்று கேட்கவில்லை.
கோட்டுகளை மறுபடி மாட்டிவிட்டு
வெந்நீர் எடுக்கப் போனேன்.