இரண்டு நெடில், ஒரு குறில்

எங்கள் பக்கம் பாட்டியை அம்மா என்போம்,
பெற்றவளை மம்மா.
ஆகவே இது அம்மாவைப் பற்றியது.
ஸ்டெய்ன்வோர், ஸ்கார்த் பண்ணைக்காரி.
நூற்றுப்பத்து ஆடு, முன்கோபக் கிடா ஒன்று.
சர்க்கரைக் கட்டியைப் பல்லிடுக்கில் வைத்து
அதன் வழியே காப்பியை உறிஞ்சுவாள்.
ஒரு கட்டிக்கு மூன்று கோப்பை.
விருந்தாளிக்கும் அதே கணக்கு.

பள்ளத்தாக்கில் பதினோரு பண்ணை,
தொலைபேசிக் கம்பி ஒன்றே ஒன்று.
யாருக்கான மணி என்பதை நீளம் சொல்லும்.
பாதிரியார் வீட்டுக்கு நான்கு குறில்,
எங்களுக்கு இரண்டு நெடில், ஒரு குறில்.
எது அடித்தாலும் அம்மா எடுப்பாள்.
அடுப்பிலிருப்பதை இறக்கி,
கையைத் துடைத்து,
தலைமுடியைக்கூட ஒதுக்கிவிட்டு.

ஒட்டுக்கேட்பது தப்பில்லையா என்றேன், ஏழு வயதில்.
"நானா போனேன்?
அவர்கள்தான் என் சமையலறைக்குள் வந்து பேசுகிறார்கள்."

கேட்டதை எவரிடமும் சொன்னதில்லை.
பௌர்தூரின் வங்கிக் கடன்,
பள்ளி ஆசிரியையின் டென்மார்க்காரன்,
எல்லாம் கையிலிருந்த காலுறைக்குள் பின்னிப் போயின.
அதையே மாட்டிக்கொண்டு நடந்தோம்,
எங்களுக்கு ஒன்றும் தெரியாது.
ஆனால் யார் வீட்டிலோ வைக்கோல் தீர்ந்துவிட்டால்
மறுநாள் எங்கள் கொட்டகையில்
திடீரென்று வைக்கோல் மிஞ்சிவிடும்.
"இடத்தை அடைக்கிறது, எடுத்துப் போங்கள்" என்று
எரிந்து விழுந்துதான் கொடுப்பாள்.

பேசுகிறவர்களுக்கும் தெரியும்.
எங்கள் கடிகாரம் நொண்டி.
ஒரு டிக். பிறகு, யோசித்து, ஒரு டக்.
"ஸ்டெய்ன்வோர், அதற்கு எண்ணெய் விடேன்" என்பார்கள்
நடுப்பேச்சில்.
அம்மா மூச்சை அடக்குவாள்.
கடிகாரம் அடக்காது.

கம்பிக்கு ஒரு குணம்:
ஒவ்வொரு காது சேரும்போதும் குரல் ஒரு சுற்று மெலியும்.

நான் பிறக்கும் முன்பு, ஒரு பிப்ரவரி.
பனி ஜன்னலின் பாதிக்கு.
இங்வில்தூருக்கு வலி கண்டுவிட்டது.
மருத்துவச்சி ஆற்றுக்கு அந்தப் பக்கம், வர வழியில்லை,
கம்பியில்தான் சொல்லித் தருகிறாள்.
புருஷன்காரன் கத்துகிறான்:
"என்ன? கால் முதலில் வந்தால் என்ன?
கேட்கவில்லை, கேட்கவில்லை."
பள்ளத்தாக்கு முழுக்க
காதில் கருவியோடு நின்றுகொண்டிருந்தது.

அப்போது அம்மா பேசினாள்,
பிறர் பேச்சில் முதல் தடவையாக.
"ஸ்டெய்ன்வோர்.
எல்லாரும் வையுங்கள்.
பேர் சொல்ல வைக்காதீர்கள்."
க்ளிக், க்ளிக். விரல் விட்டு எண்ணினாள்.
எட்டு.
பிறகு தன்னுடையதை வைத்தாள்.

விடியும்வரை அதன் எதிரே உட்கார்ந்திருந்தாளாம்,
பின்னல் ஊசியைத் தொடாமல்.
மம்மாவுக்கு அப்போது பத்து வயது,
படியிலிருந்து பார்த்தவள் சொன்னது.
காலையில் கம்பி பனியில் அறுந்து கிடந்தது.
நான்காம் நாள் பனிச்சறுக்குக் கட்டையில் ஒருவன் வந்தான்:
பையன்.
காலை நீட்டிக்கொண்டே வந்தானாம். தாயும் பிள்ளையும் நலம்.
"அப்படியா" என்றாள் அம்மா.
கிடாவுக்குத் தண்ணீர் வைக்கப் போய்விட்டாள்.
கொட்டகையில் அன்று நெடுநேரம் ஆயிற்று,
கிடா ஒன்றுதான்.

தனித்தனிக் கம்பி வந்த வருடம்
கருவியை எடுத்தால் ஒரே ஊளை.
மரியாதைக்குக் கொஞ்சநேரம் கேட்டாள்.
"இவனுக்கு ஒன்றுதான் சொல்லத் தெரியும்."
வைத்துவிட்டாள்.

இறந்தது மே மாதம், ஆடுகள் ஈனும் நேரம்.
வேறு எவராவது அப்போது செத்திருந்தால்
அவளே திட்டியிருப்பாள்.
அடக்கம் முடிந்து காப்பி குடிக்கையில்
பௌர்தூர் கிழவர் என் தோளைப் பிடித்தார்:
"என்னைப் பற்றி உன்னிடம் ஏதாவது..."
இல்லை என்றேன்.
நம்பினார். அழத் தொடங்கினார்.

கால் முதலில் வந்தவர் இப்போது
ரெய்க்யவிக்கில் பல் வைத்தியர்.
போன குளிர்காலம் அவரிடம் ஒரு கடைவாய்ப்பல் எடுத்தேன்.
ஸ்கார்த்தா, எங்கள் ஊருக்கு அடுத்தது, என்றார்,
அங்கே ஒரு கிழவி இருந்தாளாமே,
ஊர்க்கதையெல்லாம் ஒட்டுக்கேட்பாளாம்.
என் வாய் அகலத் திறந்திருந்தது.
சொல்லவில்லை.