கடைசி வாங்கு

ஐந்து சந்திப் பள்ளிக்கூடம்.
எட்டாம் வகுப்புக் கடைசி வாங்கில்
அதிபர் நான், மடியில் வலயத்துப் படிவம்.
பதினொரு பிள்ளைகள்;
மற்றவை இன்னும் புத்தளத்தில்.
சிவரூபி ரீச்சர் ஒளித்தெறிப்பு படிப்பிக்கிறா,
என்னைப் பாராமல்.

இஜ்லான் நித்திரை.
இரவு முழுக்க வாப்பாவோடு பழைய இரும்பு ஏற்றியவன்.
முகத்தில் வெயில் ஏற
அவ ஜன்னலைச் சாத்தினா,
குரலையும் கொஞ்சம்.
படுகோணமும் தெறிகோணமும்
தணிந்த குரலிலேயே சமனாகின.
மற்றப் பத்துப் பேரும் முன்னுக்குச் சாய்ந்து கேட்டார்கள்.

"அனைத்து மாணவரின் கவனமும் ஈர்க்கப்பட்டதா?"
ஐந்துக்கு எத்தனை?

மூன்று போட்டேன்.
வெட்டினேன்.
வெட்டினால் சிற்றொப்பம் வேண்டும்,
அதையும் வைத்தேன்.

மணி அடிக்க எழும்பியவன்
"அழிக்காதீங்க ரீச்சர்" என்றான்.
எடுத்த துணியை அவ மேசையில் வைத்தா.

மூன்று மணிக்குள் படிவம் போகவேண்டும்.
வெட்டிய மூன்றுக்குப் பக்கத்தில்
இன்னும் ஒன்றுமில்லை.