முடியாது

படிவத்தில் ஐந்து வரிசை.
ஒவ்வொன்றின் முன்னும் ஒரு கட்டம்,
பேனா முனைக்கு மட்டும் இடம் விட்டு.

பணிந்தார்.
பணியவில்லை, அசையவும் இல்லை.
அசைந்து எதிர்த்தார்.
தாக்கினார்.
கொல்லப் பார்த்தார்.

செவ்வாய் காலை, சாட்ஸ்வர்த்,
கிராஸ்மூர் அடுக்ககம், மூன்றாம் மாடி.
நீதிமன்றத் தாள் ஷெரிஃப் கையில்.
கட்டில் ஏற்கனவே கீழே இறங்கிவிட்டது.
மெத்தையில் மழை.
குளிர்பெட்டியைத் தூக்க வந்த பையன்கள்
உள்ளே இருந்த மீன்குழம்புச் சட்டியை
சிந்தாமல் எடுத்து
படிக்கட்டில் வைத்து மூடினார்கள்.
அதற்கு வரிசை இல்லை.

சூரியமூர்த்தி அப்பாவு, வயது அறுபத்தெட்டு,
வலது கையால் தன் இடது கையைத் தூக்கி
வாசல் கம்பியில் மாட்டினார்,
ஈரக்குடையை ஆணியில் மாட்டுவதுபோல.
பார்த்தேன்.
பார்த்ததை என்னவென்று யோசிக்கவில்லை.

லெட் கோ, என்றார் சுங்கு.
இன்னொரு முறையும்.
மூன்றாம் முறை குரலைத் தாழ்த்தி,
பாபா, விட்டுவிடுங்கள்.

அவர் சுங்குவைப் பார்க்கவில்லை.
என் சட்டையின் பெயர்ப்பட்டையைப் படித்தார்.
முதலியார் தேய்ந்து மூட்லி ஆன பெயர்.
அதைப் பார்த்துச் சொன்னார்:
முடியாது.

என்ன சொல்கிறார்?

சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில்
இரண்டாம் புத்தகத்தோடு நின்றவள் நான்.
சொன்னேன், ஆங்கிலத்தில்:
மாட்டாராம்.

பிடியைத் திறக்கச் சுண்டுவிரலில் தொடங்கு.
கல்லூரியில் அப்படித்தான்.
இரண்டாம் வரிசைப் பாடம் நடந்த அன்று
பயிற்சியாளர் என் பக்கம் திரும்பினார்:
இது உங்க ஆளுங்க கண்டுபிடிச்சது.
நாற்பத்தாறில் கேல் தெரு முனையில்
கூடாரம் அடித்து உட்கார்ந்தவர்களைச் சொன்னார்.
வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன்.
ஆள் கனமாகிவிட்டால் தூக்க நான்கு பேர்,
குறித்துக்கொள்ளுங்கள்.
குறித்துக்கொண்டேன்.

சுண்டுவிரல் வந்தது.
மோதிரவிரல் வந்தது.
மோதிரம் இல்லை, தடம் மட்டும் வெளுத்திருந்தது.
நடுவிரல் இழுக்க இழுக்க இறுகியது.
இறுகினால் மூன்றாம் வரிசை.
பிறகு ஒரு சின்னச் சத்தம்.
பக்கத்து வீட்டு ரேடியோ அதைவிட உரக்கப் பாடியது.

ஆர். கே. கான் மருத்துவமனையில்
எக்ஸ்ரே அறைக்கு வெளியே நர்ஸ் தொபேக்கா
என் சீருடையிடம் பேசினாள், என்னிடம் இல்லை.
பக்கவாதக் கை. மூடும், தானாகத் திறக்காது.
இழுத்தால் இன்னும் மூடும்.
வெந்நீர்த் துணி சுற்றி, மணிக்கட்டை மடக்கி
காத்திருக்க வேண்டும்.
எவ்வளவு நேரம்?
ஐந்து நிமிடம். குளிர் நாளில் பத்து.

பூட்டு மாற்றுகிறவன் வரட்டுமென்று
அன்று ஷெரிஃப் காத்திருந்தது நாற்பது நிமிடம்.

கை வராதவனும் முடியாது என்கிறான்.
மனம் வராதவனும் முடியாது என்கிறான்.
ஒரே சொல்லை
இரண்டு வேலைக்கு வைத்திருக்கிறோம்,
ஒரே கத்தியில் மீனும் வெங்காயமும் நறுக்குகிற வீடு மாதிரி.
ஆனால் அந்தக் கையைக் கொண்டுபோய்
அங்கே மாட்டியது அவர்தானே?
திறக்காது என்று தெரிந்தவர்
திறக்காத கையைத் தேர்ந்தெடுத்தாரா?
இதை நர்ஸிடம் கேட்கவில்லை.
அவரிடம் கேட்க
எனக்கு அவ்வளவு தமிழ் வராது.

வரிசையை மாற்ற வேண்டும் என்றேன்.
சார்ஜெண்ட் குலசேகரன் படையாச்சி
தேநீரில் ரஸ்க்கைத் தோய்த்துக்கொண்டே சொன்னார்:
முத்திரை விழுந்துவிட்டது, பெண்ணே.
எந்த வரிசையில் போட்டாலும் விரல் அதேதான்.
அது ஆறுதலா, மிரட்டலா?
பாதி ரஸ்க் உடைந்து குவளைக்குள் விழுந்தது.
கரண்டி தேடினார்.

அதிகாரிக்குக் காயம்: இல்லை.
பயன்படுத்திய கருவி: கை.

அடியில், வேறு குறிப்புகள் என்ற இடத்தில்
இரண்டு கோடு காலியாக இருந்தது.
முதல் கோட்டில் எழுதினேன்:
அவர் முடியாது என்றார்.
அடுத்ததில்:
மொழிபெயர்த்தவர், கான்ஸ்டபிள் மூட்லி.

வெளியே சுங்கு வண்டியைக் கிளப்பி
ஹாரன் அடித்தார்.
மதியத்துக்குள் இன்னும் இரண்டு வாசல்.