நாற்பத்து மூன்றாவது கோப்பு

சாந்தி நகர், மாடி வீடு.
கூடத்தில் அரிசி டிரம்முக்குப் பக்கம் என் லினக்ஸ்,
படுக்கையறையில் பிரம்மசக்தியின் விண்டோஸ்.
நடுவே ஒற்றைச் செங்கல் சுவர்.
அவள் இருமினால் எனக்குக் கேட்கும்.
அவள் கணினிக்கோ
என் கணினி என்று ஒன்று இருப்பதே தெரியாது.

"எட்டாங்கிளாஸ் கேள்வித்தாள் பூரா
ஒங்ககிட்டதான கெடக்கு,
காலைல ஹெச்செம் கேப்பாங்க"
என்று பென்டிரைவைத் தேடப் போனவளை
"ஒரே வீட்டுக்குள்ள என்னத்துக்குப் பென்டிரைவு,
பத்தே நிமிசம்" என்று தடுத்தவன் நான்தான்.
அப்போது மணி ஒன்பது.

பிங் போகிறது.
போன நாலும் நாலாகவே திரும்பி வருகின்றன.
ஆக, ஆள் உள்ளேதான் இருக்கிறார்,
கதவைத்தான் திறக்கவில்லை.

விண்டோஸில் நெட்வொர்க்கைத் திறந்தால்
கீழ்வீட்டு ஆவுடைநாயகம் அண்ணாச்சியின் டிவி தெரிகிறது.
(எங்கள் வைஃபையை எப்போது வாங்கினார்?)
நான் தெரியவில்லை.

இருக்கிற வீட்டையே
பொது இடம் என்று குறித்து வைத்திருந்தது அது.
ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டில்
பையை மடியோடு அணைத்து உட்கார்ந்திருப்பவர் போல.
சொந்த வலைதான் சவமே என்று மாற்றிக் கொடுத்தேன்.
தெரிந்தேன்.
தெரிந்ததும் கடவுச்சொல் கேட்டது.

லினக்ஸுக்குள் நுழைகிற சொல் வேறு,
சாம்பாவுக்கு வைக்க வேண்டிய சொல் வேறு.
வைத்தேன்.
விண்டோஸ் என்றைக்கோ அடித்த தப்பான ஒன்றை
நெஞ்சில் வைத்திருந்து
அதையே நீட்டி நீட்டி அடி வாங்கியது.
எங்கே ஒளித்திருக்கிறது என்று தேடி அழிக்க
முக்கால் மணி நேரம்.
அந்த நேரம் பிரம்மசக்தி எழுந்து
கூடத்துக்குப் போனாள்,
தண்ணீர் குடிக்க என்று நினைத்தேன்.

பதினொன்றரைக்குக் கரண்டு போனது.
வந்தபோது மோடம்
ஏழாம் எண்ணில் இருந்த என்னைப்
பன்னிரண்டுக்குக் குடி மாற்றியிருந்தது.
சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்
வெறுங்காலோடு நடந்தேன்.
அன்று ராத்திரி அந்த வீட்டில் ஓடிய ஒரே கேபிள் நான்.

ஒன்று பத்துக்குத் திறந்தது.
நாற்பத்து மூன்று கோப்புகள்.
நாற்பத்திரண்டுக்குத் தமிழ்ப்பெயர்,
ஒன்றுக்கு மட்டும் T7KQ2~X.
கைதியின் எண் மாதிரி.

கூடத்தில் போய்ப் பார்த்தேன்:
'பொருநை எங்கே பிறக்கிறது?'
கேள்விக்குறி வைத்த பெயர் விண்டோஸுக்கு ஆகாது.
லினக்ஸுக்கு எது வைத்தாலும் சரி,
சாய்கோடு ஒன்றைத் தவிர.

அப்போதுதான் கண்டேன்,
கீபோர்டுக்கு அடியில் பச்சைக் கயிறு கட்டிய பென்டிரைவு.
செருகினேன்.
நாற்பத்திரண்டு.
அந்த ஒன்றை அதுவும் வாங்கவில்லை.
அவள் எண்ணிப் பார்க்கவில்லை,
என்னிடம் சொல்லவும் இல்லை.

குறியை அழித்தேன்.
பொருநை எங்கே பிறக்கிறது.
சுவருக்கு அப்பால் போய்ப் பார்த்தால்
கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தது, முழுப்பெயரோடு.

"வந்துட்டா" என்றாள் கண் திறக்காமல்.
"வந்துட்டு" என்றேன்.
எத்தனை என்று அவள் கேட்கவில்லை.