மூன்றாவது இடம்

சித்தூர்க்காரர் கொடுத்துவிட்டுப் போன பெட்டி.
விசிறி ஓடவில்லை, சூடேறி அணைந்துவிடுகிறது,
பையன் சாப்பிடுவதில்லை, சனிக்கிழமைக்குள் வேண்டும்.
விசிறி மாற்ற இருபது நிமிடம்.
சோதித்துப் பார்க்க
நான்கு இரவு எடுத்துக்கொண்டேன்.

வேலந்தாவளத்தில் சந்தை இரைச்சல் அடங்கப் பத்தரை ஆகும்.
ஷட்டரைப் பாதி இறக்கி
கடை டிவியில் வயரைச் செருகினால்
மழை பெய்யும் ஒரு துறைமுகம்,
முதுகு காட்டி இரண்டு பேர்.
யாராகப் போகிறாய் என்று கேட்கிறது.
போன பின் மாற முடியாது என்றும்.

ஒருத்தி ஓட்டுக்கு ஓடு தாவுகிறவள்.
நிழலை இழுத்துப் போர்த்திக்கொள்வாள்.
மற்றவன் அதே கோட்டையில் காவலிருந்து
நீக்கப்பட்டவன். ஒரு கால் இழுக்கும்.
எந்தக் கதவு முனகும், எவன் எத்தனை மணிக்குக்
கொட்டாவி விடுவான், எல்லாம் அத்துப்படி.
இரண்டு பேரும் திருடப்போவது ஒரே கணக்குப் புத்தகத்தை.
நாம் எடுக்காத ஆள் கதை முழுக்கக்
காய்ச்சலோடு படகில் கிடக்க வேண்டும்.
அதுதான் எனக்கு ஒப்பவில்லை.

சேமித்துவைக்க மூன்று இடம்.
முதல் இரண்டில் பையன் இருக்கிறான்,
இரண்டிலும் அவளாக.
முதலாவதில் நாற்பத்தொரு கொலை.
இரண்டாவதில் ஒன்றுகூட இல்லை.
நடுவில் யாரோ அவனிடம் ஏதோ சொல்லியிருக்கிறார்கள்.

நானும் அவளைத்தான் எடுத்தேன் முதலில்.
பெண் என்றெல்லாம் இல்லை,
கால் இழுக்கிறவனோடு நடக்கச் சோம்பல்.
மூன்றாம் விளக்குக் கம்பத்தடியில் பிடிபட்டேன்.
மறுபடி அங்கேயே.
மறுபடி.
சும்மா நிற்க எனக்கு வராது,
விரல் எதையாவது அழுத்திவிடும்.

வெளியே டிவிஎஸ் ஃபிப்டி சத்தம்.
மயிலாத்தாள். பின்னால் மூன்று மூட்டை ரேஷன் அரிசி,
மேலே பேருக்கு ஒரு முருங்கைக்காய்க் கட்டு.
ஹெட்லைட் எரிய எரியச்
சாவடிக்கு நேராகப் போய் நிறுத்தினாள்.
"முந்தாநாள் கறிவேப்பிலைக்குப் பதினஞ்சு ரூவா நிக்குது சாரே"
என்று அவள் ஆரம்பித்து,
அவர் பையைத் தடவி, சில்லறை இல்லை என்று சிரிப்பதற்குள்
அந்தப் பக்கம் சிவப்பாய் அவள் பின்விளக்கு.
நாய்கூடத் தலை தூக்கவில்லை.

மறைவது என்றால் இருட்டில் நிற்பது என்று
இதைச் செய்தவர்களுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

அவளை அழித்துவிட்டு அவனை எடுத்தேன்.
கையில் விளக்கோடு, நடு வாசல் வழியாக,
அவசரமில்லாமல்.
புதிதாய்ச் சேர்ந்தவன் ஒருவன் சல்யூட் வைத்தான்.
எனக்கு உள்ளங்கை வியர்த்தது.
உள் முற்றத்தில் ஒரு காவலன் திரும்பினான்.
அடையாளம் தெரிந்துவிட்டது.
'உன் இடத்தில் என்னைத்தான் போட்டார்கள்' என்றான்.
திரையடியில் இரண்டு சொல்:
அடி. பேசு.
டிவியை அணைத்தேன்.

இந்த ஸ்டூலில் எனக்கு முன்னால் ஷிகாபுதீன் இருந்தான்.
புது டிஸ்ப்ளே ஒன்று காணாமல் போனது.
யாரும் கத்தவில்லை. வர வேண்டாம் என்றார்கள்.
தைப்பொங்கலுக்குப் பெருக்கும்போது
கல்லாவுக்கும் சுவருக்கும் இடையில்
பிளாஸ்டிக் உரிக்காமல் கிடந்தது அது.
அன்றே சொல்லியிருக்கலாம்.
அன்று முதலாளி வீட்டில் விசேஷம்.
மறுநாள் சொன்னால் நேற்றே ஏன் சொல்லவில்லை என்பார்.
இப்போது மாசி.
அவன் கொழிஞ்சாம்பாறையில் மீன் வண்டி ஓட்டுகிறானாம்.
வாரம் இரண்டு முறை இந்த வழியாகத்தான் போகிறான்,
ஹாரன் அடிப்பான்,
நான் கை காட்டுவேன்.

அடுத்த இரண்டு இரவும்
முற்றம் வரைக்கும் போய்ப் போய் நின்றேன்.

சனிக்கிழமை பையன் வந்தான்.
வீட்டுக்குப் போகப் பொறுக்காமல் இங்கேயே செருகினான்.
மூன்றாவதைத் திறந்தான்.
ஒரு விளக்கு, எதிரெதிரே இரண்டு காவலர்கள்,
மழை மட்டும் பெய்துகொண்டிருக்கிறது.
"இது ஆரா, சேச்சி?" என்றான். பிறகு,
"களையட்டே?"

இருக்கட்டும் என்றேன்.
ரசீதில் அறுநூற்றைம்பது எழுத
நாற்காலியை முன்னால் இழுத்தபோது
கல்லாவுக்குப் பின்னால்
நான் திரும்ப வைத்த இடத்திலேயே இருந்த அது
காலில் பட்டது.