ரிக்கற் எடுக்காதவன்

நாரி நோவென்று ஏழு மாதம் எண்ணெய் பூசினேன்.
எழுநூற்றைம்பதில் நின்றபடியே போய்வாறவனுக்கு
வேறென்ன நோகும் என்றார் சாரதி திருச்செல்வம்.
பின்னேரமானால் லேசாய்க் காய்ச்சல்.
இருமல் இல்லை. ஒரு நாள்கூட இல்லை.

பெரியாஸ்பத்திரியில் டொக்டர் நிறோஜினி
படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் கசம் என்றா.
"நெஞ்சிலயோ?"
"இல்லை. முள்ளந்தண்டில."

மூச்சோடு ஏறி,
நெஞ்சாங்கூட்டின் மூலையில்
வருசக்கணக்காய் நித்திரை கொண்டு,
பிறகொருநாள் இரத்தத்தோடு புறப்பட்டு
அது மெல்லப் போகிற இடமாய்ப் பார்த்து
எலும்பின் முன்பக்கம் இறங்கியிருக்கும்.

எனக்கு விளங்கியது.
சனம் நெரிகிற பஸ்ஸில் பின்கதவால் ஏறி
வாய் திறவாமல் இருந்து
நான் மறந்த பிறகு இறங்குகிறவன்.

எங்கே ஏறினவன்?
அதைச் சொல்லேலாது என்றா.
செட்டிகுளத்தில் ஒரு கூடாரம், பதினொரு பேர்,
இரவிரவாய் இருமின ஒருவர்.
பெயர் கேட்கவில்லை, தண்ணீர் மட்டும் கொடுத்தேன்.
அல்லது நெல்லியடி, மழை,
கண்ணாடி எல்லாம் இழுத்துப் பூட்டின ஒரு பின்னேரம்.

பன்னிரண்டாம் எலும்பு முன்னால் கரைந்து
கீழே இருப்பதன்மேல் சரிந்துவிட்டது.
இடைத்தட்டைக் கடைசியில்தான் தின்னுமாம்.
நெடுக ஓடுகிற நாரின் அடியால் தவழ்ந்து
அடுத்த எலும்புக்கும் அதற்கடுத்ததுக்கும்.
சீழும் அங்கே நிற்கவில்லை,
தசையின் உறைக்குள்ளால் வழி பிடித்து
தொடையிடுக்கில் வந்து வீங்கி நிற்கிறது.
சூடில்லை, சிவப்பில்லை.
நான் அதைக் கட்டென்று நினைத்துக்
களிம்பு போட்டேன்.

விடிய நாலு குளிசை.
சலம் தோடம்பழ நிறத்தில் போகிறது.
விழுங்கும் மட்டும் நின்று பார்க்கிறா தாதி,
வாயைத் திறக்கச் சொல்லி.
செக்கர்மாரும் இப்படித்தான், நம்பாயினம்.
பன்னிரண்டு மாதத்தில் ஒரு நாளும்
விடக்கூடாதாம்.

சுகிர்தமலர் வீட்டிலிருந்து
தனிக் கோப்பை கொண்டுவந்தாள்.
"உங்கடை மூச்சில இல்லை, ஆருக்கும் தொத்தாது"
என்று டொக்டர் இரண்டுதரம் சொன்னா.
கோப்பையைக் கழுவி
தனியேதான் கவிழ்த்துவைத்துப் போனாள்.

அங்காலை பஸ் நிலையத்தில்
பருத்தித்துறைக்காரன் ஹோன் அடிக்கிறான்.
இடது பெருவிரலை அசையச் சொல்கிறேன்.
கொஞ்சம் யோசித்துவிட்டு
அசைகிறது.